மெஷின்காரருக்கு ஒரு பாட்டில்

குடிநோய் மையத்தில் முதல் விசாரணை செய்கிறவனுக்குக் குடிக்கிறவரிடம் படுவதைவிட, அவருக்கு நல்லது நினைக்கிறவர்களிடம்தான் பாடு அதிகம். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு அல்லாடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்து சிறை பார்த்தவன். மறியல் செய்து எங்கள் ஊர் மதுக்கடையை மூடவைத்தவன். கடை ஆற்றின் அக்கரைக்குப் போயிற்று. எங்கள் ஆட்கள் பாலம் ஏறிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் தஞ்சாவூரில் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி

முருகையன் திருவையாற்றுப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். கண் மஞ்சளாக இருந்தது. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டேன். "நானா வாங்கிக் குடிக்கிறதே இல்லைங்க தோழர்" என்றார். பொய்யில்லை. மேகம் கறுத்தால், என் வயலை முதலில் அறு என்று வயல்காரர் ஒவ்வொருவரும் மெஷின்காரர் கையில் ஒரு பாட்டிலைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அறுப்பில்லாத நாளுக்கும் அந்தப் பாட்டில்கள் மிஞ்சும். கூட வந்த மனைவி செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "கொடுக்கிறவங்க மனசு நோகக் கூடாதாம். எனக்கு மனசே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாரு போல."

கோயில் கயிறு

எங்களிடம் வருவதற்கு முன், இனிக் குடிப்பதில்லை என்று கோயிலில் கயிறு கட்டி, அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, மருந்தில்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் தாங்காது. கை நடுங்கி, இல்லாத ஆட்களோடு பேசி, கடைசியில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார்.

"உயிரே போயிருக்கும், நிறுத்துவதற்கு முன் ஏன் எங்களைக் கேட்கவில்லை?" என்று டாக்டர் சத்தம் போட்டார். கயிறு கட்டிவைத்த முருகையனின் அண்ணன் அசரவில்லை: "சாமிகிட்டயே சொல்லியாச்சு. அதுக்கு மேல டாக்டர்கிட்ட வேற சொல்லணுமாங்க?"

மழைக்கு முன்

மருந்து வேலை செய்தது. முருகையன் டீ தம்ளரைச் சிந்தாமல் பிடித்தார். ஈரல் கெட்டிருக்கிறது, இனிக் குடித்தால் உயிருக்கு ஆபத்து, சிகிச்சை முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

அந்த வாரமே ஒரு மிராசுதார் காரில் வந்தார். கூலி உயர்வுக்காக அவர் வயலில் நான் கொடி நட்டபோது போலீஸைக் கூப்பிட்டவர்; இப்போது என்னைக் கும்பிட்டார். சம்பா சாய்ந்து கிடக்கிறது, மழை வருகிறது, சேற்றில் மெஷினை இறக்க முருகையனை விட்டால் ஆளில்லை என்றார். வேலையில் ஒரு சொட்டுகூடக் கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். முருகையன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டார். தானாக வந்து சேர்ந்தவரைப் பிடித்துவைக்க எங்களுக்கு அதிகாரமில்லை, கெஞ்சத்தான் முடியும். யாரிடமும் கெஞ்சாத நான் கெஞ்சினேன். செல்வி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மிராசுதாரிடம் கேட்டார்: "நெல்லு நனைஞ்சா காயவெச்சுக்கலாங்க ஐயா. இவர் போயிட்டா நான் என்ன பண்றது?"

சத்தியம்

அறுவடை முடிந்த மறுநாள் முருகையன் ரத்தமாக வாந்தி எடுத்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

சாவு வீட்டில் மிராசுதார் பெரிய மாலையோடு நின்றார். சத்தியம் செய்தீரே என்று சட்டையைப் பிடிக்கப் போனேன். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. "சத்தியத்தை மீறலைங்க. வேலை முடியிறவரைக்கும் கண்ணுலகூடக் காட்டலை. முடிச்சுக் கொடுத்த மனுஷனை வெறுங்கையோட அனுப்புறது மரியாதையாங்க?"

கூலி தராதவரை எதிர்த்து ஊரையே திரட்டிவிடலாம், மரியாதையாகக் கொடுக்கிறவரை எதிர்த்துக் கொடி பிடிக்கத்தான் இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு ஆள் கிடைக்கமாட்டான்.