ஆக்டனில் ஒரு குட்டைத் துப்பாக்கியை அளக்கப் போன கதை

2008 மே மாதம் ஐந்து நாள் லண்டன் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு துப்பாக்கியின் நீள அகலத்தை அளந்து வருவதுதான் வேலை.

கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தேவையான பொருள்களைச் செய்து கொடுப்பது என் தொழில். நகைக்கடை வேனைக் கொள்ளையடிக்கும் கதை ஒன்றுக்கு, சோவியத் பாணிக் குட்டைத் துப்பாக்கி வேண்டும் என்றார் இயக்குநர். இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்து மரத்தில் செய்தேன். முதல் பகுதி ஒளிபரப்பானதும் பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கொசு மருந்து அடிக்கும் பம்ப் மாதிரி இருக்கிறதாம். இனி வரவிருக்கும் கொள்ளைக் காட்சியை மறுபடி எடுக்க ஒரே ஒரு வாய்ப்புத் தருவதாகவும், இதுவும் சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் இயக்குநர் சொல்லிவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏகே வகைத் துப்பாக்கியை எல்லாருக்கும் தெரியும். டாங்கிக்குள்ளும் வண்டிக்குள்ளும் இருக்கும் வீரர்களுக்கு அது நீளம் என்று, எழுபதுகளில் சோவியத்காரர்கள் குழலை வெட்டிக் குட்டையாக்கினார்கள். தோளில் ஊன்றும் பின்கட்டை இடப்பக்கமாக மடிந்துகொள்ளும். விரித்தால் 735 மில்லிமீட்டர், மடித்தால் 490. ஒரு பூப்பந்துப் பைக்குள் அடங்கிவிடும். பிற்காலத்தில் வந்த ரஷ்ய வகைகள் கறுப்புப் பிளாஸ்டிக்கில், குழல் கொஞ்சம் நீண்டு வந்தன. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான்.

எங்கள் ஊரில் இதைக் கண்ணால் பார்க்கவே வழியில்லை. லண்டனில் ஆக்டன் பகுதியில், படப்பிடிப்புகளுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் கிடங்கு ஒன்று இருக்கிறது. சுட முடியாதபடி செய்யப்பட்ட அசல் துப்பாக்கிகள். மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். ஒரு மணி நேரம் தருகிறோம், வா என்றார்கள்.

விம்பிள்டனில் என் கல்லூரித் தோழி கமலா வீட்டில் தங்கினேன். படிக்கப் போய், கணக்காளராகி, அங்கேயே தங்கிவிட்டவள். கணவர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை. கமலாவுக்கு மாதக் கடைசி என்பதால் விடுப்புக் கிடைக்கவில்லை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் சிவபாலன், "எனக்கு லீவு கிடக்கு. நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் ரயில் ஏறி, எர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி, ஈலிங் போகும் ரயிலில் ஆக்டன் டவுன். காத்திருந்ததையும் சேர்த்து முக்கால் மணி நேரம். நகர நடுவான முதல் கட்டண வலயத்துக்குள் போகாததால் ஆய்ஸ்டர் பயண அட்டையில் ஏறத்தாழ ஒரு பவுண்தான். (மத்திய லண்டனில் அட்டை இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் நான்கு பவுண்! முதல் நாள் நான் கொடுத்தேன்.) நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. பெயர்ப் பலகையே இல்லாத செங்கல் கட்டடம். இரண்டு தரம் தாண்டிப் போனோம்.

கதவைத் திறந்தவர் ராய், அறுபது வயதிருக்கும் வெள்ளைக்காரர். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"வீட்டுத் தோட்டத்தில் விழுந்துவிட்டேன். உதவியாளன் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறான். எடுத்து வைக்கத்தான் முடியும், தூக்கிப் பிடித்துக் காட்ட முடியாது. மன்னித்துக்கொள்" என்றார்.

பச்சைத் துணி விரித்த மேசையில் இடது கையால் ஒவ்வொன்றாக வைத்தார். பழைய சோவியத் குட்டை, அதன் பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் வகை, யூகோஸ்லாவியாவில் செய்த ஒன்று. பழையதின் குழல் முனையில் கூம்பு மாதிரி ஒரு மூடி. இரண்டு வகையின் படங்களையும் கலந்து பார்த்து, அதைத்தான் நான் இரண்டு மடங்கு பெரிதாகச் செய்திருக்கிறேன். பம்ப் ஆனதற்குக் காரணம் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் ராயின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஆனால் ஒற்றை ஆளாக அளப்பது பெரும்பாடு. டேப்பின் ஒரு முனையை அழிப்பானால் அழுத்தி வைத்தால், மறு முனையை இழுத்ததும் நழுவியது. ஆள் கையில் இருக்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று படமும் எடுக்க வேண்டும். இருபது நிமிடம் போய்விட்டது. சிவபாலன் கதவருகே, மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறையும் அதையே படிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, நீங்க வெளிய உட்கார்ந்திருங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அவர் திரும்பி மேசையைப் பார்த்தார். கிட்ட வந்தார். "உங்களுக்கு ஒரு மணித்தியாலம்தானே இருக்கு. தாங்கோ, நான் பிடிக்கிறன்" என்று டேப்பின் முனையை வாங்கினார்.

நாற்பது அளவுகள் எடுத்தோம். அவர் விரல் இரும்பில் படாமலே பிடித்தார். படம் எடுக்கும் கட்டம் வந்தபோது, நான் கேட்பதற்கு முன் தானே துப்பாக்கியை எடுத்தார். "முகம் வரக்கூடாது. கை மட்டும்."

"சரிண்ணே. சினிமாவுல வர்ற மாதிரி தோள்ல வச்சுக் காட்டுங்க."

வைத்தார். ஒரு படம் எடுத்தேன். உடனே இறக்கிவிட்டார். "இப்பிடி ஒருத்தரும் நிண்டதை நான் காணேல்லை" என்று சொல்லி, வாரைத் தோளில் மாட்டித் தொங்கவிட்டு, கையை அதன் மேல் சும்மா போட்டுக்கொண்டார். குழல் கீழே, எதிரில் நிற்பவரின் முழங்காலைப் பார்த்து ஆடியது. பின்கட்டையும் மடிந்தே இருந்தது. இப்போதுதான் எனக்கு அந்தத் துப்பாக்கியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்படியே நின்று சொன்னார். பத்தொன்பது வயதில், சைக்கிளில் பரீட்சைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. "எனக்கு முன்னாலை போன சிநேகிதனை ஒரு பக்கம் இருத்திப்போட்டாங்கள். அடுத்தது நான். ஆமிக்காரனுக்கும் என்ரை வயசுதான் இருக்கும். பின்பக்கம் மடியிற சாதித் துவக்கு, இப்பிடித்தான் தொங்கினது. மற்றக் கையிலை வாழைப்பழம். அவன் திண்டு முடியுமட்டும் நான் நிண்டன். அவனுக்கு என்னிலை கோவமும் இல்லை, ஒண்டுமில்லை. அலுப்பு. பிறகு போ எண்டு தலையை ஆட்டினவன்."

"உங்க கூட்டாளி?"

"பின்னேரம் விட்டவங்கள். ஆனா அவனுக்குச் சோதினை எழுதேலாமல் போச்சுது."

ராய்க்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் மூன்று கோப்பைத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார், இடது கையால், ஒவ்வொன்றாக. ஒரு மணி நேரம் முடிந்ததைப் பற்றி அவர் பேசவே இல்லை. நாங்கள் கிளம்பும்போது மணி பன்னிரண்டரை.

திரும்பும் ரயிலில், "கமலாவுக்கு இது தெரியுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லை. இண்டைக்குச் சொல்லுவம்."

சொன்னார், அன்று மாலையே, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு. கமலா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, "என்ன பாடம் எழுதப் போனீங்க?" என்றாள்.

"தூய கணிதம்."

"பாஸா?"

"ஏ கிரேட்" என்றார் சிவபாலன். மூவரும் சிரித்தோம். கமலாவின் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றாள்.

ஊர் வந்து புதிதாகச் செய்தேன். தோளில் வைத்துச் சுடும் காட்சியை நீக்கிவிட்டு, கொள்ளைக்காரன் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு வேன் ஓட்டுநரிடம் நேரம் கேட்பதாக இயக்குநர் மாற்றினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வேலையும் நிலைத்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: குறைந்தது ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள், நிறுவனக் கடிதம் கையில் இருக்கட்டும். அசலைப் போலிருக்கும் போலித் துப்பாக்கிக்கு அங்கே இப்போது கடுமையான சட்டம் இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்காதீர்கள், தெருவில் கொண்டு போகவும் வேண்டாம். அளவும் படமும் போதும். துணைக்கு ஆள் அவசியம். எங்கே போகிறோம் என்பதை அவரிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். நான் முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் கமலாவுக்கு எழுதிய மின்னஞ்சலை சிவபாலன் முன்பே படித்திருந்தார். தெரிந்தேதான் வந்திருக்கிறார்.

ஏன் வந்தீர்கள் என்று விமான நிலையத்தில் கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த ஆளைத் தனிய அனுப்பேலுமோ?" என்று சொல்லிவிட்டு, தள்ளுவண்டி ஒன்றைத் தேடிப் போனார்.