நெருப்புப்பெட்டிச் சென்றிகள்

மகள் இரண்டாம் வகுப்புக்கு ஏறிய வருடம் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது டீச்சர் மாற்றலாகி வந்தார். வந்த கிழமையே எனக்கு அவர்மேல் சந்தேகம் பிடித்துவிட்டது. எனக்குத் தெரிந்த டீச்சர்மார் கரும்பலகையில் எழுதுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதும், எழுதாத பிள்ளை அடி வாங்கும். அந்த முறையில் சில வருடம் அடி வாங்கி, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவனாக வெளியே வந்தவன் நான். இந்த டீச்சர் அடிப்பதில்லை. செருப்பால் வகுப்பறையின் நீளத்தை அளப்பித்தார். ஒரு பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துச் சுற்றிவர வெண்கட்டியால் கோடு கீறுவித்தார். அந்தச் சண்டைக் காலத்தில் தரையில் ஆளளவுக்குக் கோடு கண்டால் எங்களுக்கு வேறு நினைப்புத்தான் வரும்.

பிறகு மகள் வீட்டுக்கு வந்து என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"அப்பா, எங்கட வீட்டில எத்தினை பேர்? விடிய எங்க போறனீங்கள்? எந்த ரோட்டால போறது, எந்த ரோட்டால வாறது?"

அதற்கு முன் என்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்ட எல்லாரும் தோளில் துவக்கு மாட்டியிருந்தார்கள்.

"ஆர் கேக்கச் சொன்னது?"

"டீச்சர். சுற்றாடல் பாடம்."

மனைவியிடம் சொன்னேன். "இஞ்சாரும், இந்த மனுசி ஒண்டு இயக்கப் பெடியளின்ட ஆள், இல்லாட்டி சிஐடி. ரெண்டும் இல்லாத ஆள் ஏன் இந்த நேரத்தில மாற்றல் எடுத்துத் திருகோணமலைக்கு வரவேணும்?"

"அப்ப நீங்கள் ஏன் இஞ்ச இருக்கிறியள்?"

"எனக்கு ஆர் மாற்றல் தாறது?"

நான் சைக்கிளில் மீன் விற்கிறவன். விடிய மீன் எடுத்துப் பெட்டியைப் பின்னால் கட்டி, மகளை முன்பாரில் இருத்தி, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஊர் சுற்றுவேன். வழி முழுக்கச் சென்றி, நேவியின் காவலரண். சென்றியில் நிற்கிற நேவிக்காரருக்கு மீன் பெட்டிக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கிற வேலை. குத்தின பாரை மீனை ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஆனால் சிரிக்கிறவன் குத்தமாட்டான். அதனால் சந்தையில் பொறுக்கின சிங்களத்தில் பகிடி விடுவேன். பகிடி பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். செலவில்லாத சரக்கு, கையிருப்பும் ஏராளம்.

ஒருநாள் மகள் வெறும் நெருப்புப்பெட்டி கேட்டாள். என்னைப்போல பீடி குடிக்கிறவன் வீட்டில் அதற்கு என்ன பஞ்சம்? அள்ளிக்கொண்டு போனாள். வழியில் இருக்கிறதையெல்லாம் மண்ணில் செய்கிறார்களாம், தாய் தகப்பன்மார் வந்து பார்க்கலாமாம். நெருப்புப்பெட்டியும் மண்ணும் வழியும் என்று கேட்டதும் எனக்குக் கண்ணிவெடி ஞாபகம்தான் வந்தது. ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனேன்.

வகுப்பில் எனக்கு ஒரு குட்டிக் கதிரை தந்தார்கள். இருந்தால் முழங்கால் காதை முட்டியது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, பழைய கதவுப் பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் ஈரக் கடல்மண். நீலப் பொலித்தீன்தான் துறைமுகம். சந்தை, பஸ் நிலையம், கோயில். ரோட்டில் திரிகிற மான்களுக்குப் புளியங்கொட்டை. ரோட்டோரம் முழுக்க, மண் நிரப்பிய நெருப்புப்பெட்டிகள்.

எங்கள் பக்கத்துச் சென்றி ஒன்றுகூட விடுபடவில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் மறைவாக இருப்பதும் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் நெருப்புக்குச்சி குத்தியிருந்தது. ஒரு நேவிக்காரருக்கு ஒரு குச்சி.

டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். இளவயது, பருத்திச் சேலை, கண் மட்டும் என் முகத்தைவிட்டு விலகவில்லை. "இண்டைக்கு நேவியில இருந்து பிள்ளையளுக்கு எழுதுற கொப்பி குடுக்க வருகினம். ஒவ்வொரு வகுப்பாப் பார்ப்பினமாம்."

"ஓமோ," என்றேன். நேவியின் கண்ணுக்கு இது சென்றிகளைக் காட்டுகிற படம். "நல்லாத்தான் செய்திருக்கினம். ஆனா மண் காயுது. கொட்டிப்போட்டு வேற மண் போட்டா என்ன, டீச்சர்?"

"ஏன், இதில ஏதும் பிழை இருக்கோ?"

"பிழை ஒண்டும் இல்லை. அதுதான்…" என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்கள் அவையோட நல்லாக் கதைச்சுச் சிரிக்கிற ஆளெண்டு சொன்னவை," என்றார் டீச்சர்.

அப்போதுதான் விளங்கியது. இவர் யாருடைய ஆள் என்று நான் பார்க்க வந்திருக்கிறேன். நான் யாருடைய ஆள் என்று இவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சென்றியை எடுங்கள் என்று நான் சொன்னால், சொல்லவைத்து ஆழம் பார்க்கிறான் என்று நினைப்பார். அவர் தானாக எடுத்தால், எடுத்ததை நான் போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பார். இரண்டு பேரும் அந்தப் பலகையைச் சுற்றி நின்று மானைப் பற்றிக் கதைத்தோம்.

"மான் வடிவு."

"ஓம். புளியங்கொட்டை."

"வறுத்ததோ?"

"பச்சை."

கடைசியில் டீச்சர்தான் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். "பிள்ளையள், இந்தப் பெட்டியளை எடுத்தா ரோட்டு இன்னும் வடிவாத் தெரியும், என்ன?"

"ஏலாது டீச்சர்," என்றான் ஒருவன். "நீங்கள்தானே கண்டதெல்லாம் வைக்கச் சொன்னனீங்கள்."

"சென்றி இல்லாட்டி எப்பிடி டீச்சர் ரோட்டால போறது?" என்று கேட்டாள் ஒரு சின்னவள். சென்றி இல்லாத ரோட்டை அந்தப் பிள்ளைகள் பிறந்த நாளில் இருந்து கண்டதில்லை.

"அப்ப அதுகளைக் கடையெண்டு வைப்பம்," என்று நான் என் மூளையைப் பாவித்தேன்.

"அப்பாக்கு ஒண்டும் தெரியாது," என்றாள் என் மகள். "கடையில அப்பா சைக்கிளால இறங்கிறேல்ல."

இந்த வழக்கு முடிவதற்குள் கொப்பிக் கட்டோடு இரண்டு நேவிக்காரரும் ஒரு அதிகாரியும் உள்ளே வந்துவிட்டார்கள். அதிகாரி கண்ணாடி போட்டவர். கொஞ்சம் தமிழ் படித்தவர். பலகையைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றது. கிட்ட நின்ற என் மகளிடம் கேட்டார்.

"இது என்ன?"

"நாங்கள் பள்ளிக்கூடம் வாற வழி."

"இது?" விரல் ஒரு நெருப்புப்பெட்டியில் நின்றது.

மகளுக்கு யாரும் கேட்கமாட்டார்களா என்றிருந்தது. "இதில அப்பா இறங்குவார். இதில தொப்பியைக் கழட்டுவார். இதில பகிடி விடுவார், நேவி மாமாமார் சிரிப்பினம்."

விரல் அடுத்த பெட்டிக்குப் போனது. "இதில?"

"இதில அப்பா கதைக்கமாட்டார். அண்டைக்கு இதில அப்பாவை வெயிலுக்க முழங்காலில விட்டவை."

நான் சிரித்தேன். என்னைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

"யார் செய்யச் சொன்னது?"

"நான்தான், சேர். சுற்றாடல் பாடம்," என்றார் டீச்சர். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

அதிகாரி தலையாட்ட, ஒரு நேவிக்காரன் உள்ளங்கையால் மண்ணை மட்டம் தட்டினான். "மான்! மான்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவன் தடுமாறி, புளியங்கொட்டைகளை மட்டும் பொறுக்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தான். "டீச்சர் நாளைக்கு கேம்புக்கு வரணும்," என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார். "நீயும்."

சின்ன விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனவர்களுக்காக வாசலில் காத்திருந்த வீடுகள் எங்கள் ரோட்டிலும் இருந்தன. டீச்சர் திரும்பி வருவாரா என்று அன்றிரவு மனைவி கேட்கவேயில்லை. நானும் சேர்ந்து போகிறேன் என்பதால் கேட்கப் பயம்.

அடுத்த நாள் நான் சைக்கிளை உருட்ட, டீச்சர் எட்ட நடந்தார்.

"அங்க நீங்கள் என்ன சொல்லப்போறீங்கள்?"

"நீங்கள் சொல்லுறதைத்தான்."

"நான் உண்மையைத்தான் சொல்லுவன்."

"அது கொஞ்சம் கஷ்டம் டீச்சர். எனக்குப் பழக்கமில்லை."

அவர் சிரிக்கவில்லை. கேம்பில் அவரை வேறு அறைக்குள் கூட்டிப்போனார்கள். வெளியே வாங்குப் பலகையில் எனக்குமேல் இருந்த நிழல் நகர்ந்து வெயில் காலுக்கு வந்தபிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த டீச்சர் என்ன படிப்பிக்கிறார் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். சிங்களத்தில் ஐயாவுக்குச் சொல்கிற மாத்தயாவைப் போட்டு, எனக்குத் தெரியாது மாத்தயா, நான் படிக்காதவன் என்றேன். அப்படியென்றால் போய்ப் படி என்றார். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் போய் இரு, நடந்ததை வந்து சொல்லு, நீ சொல்வது சரியாக இருக்கும்வரை அவர் படிப்பிக்கலாம். பொய் வந்தால் இரண்டு பேரும் இங்கேதான்.

டீச்சரை விட்டார்கள். திரும்பும் வழியில் நான் சொல்லிவிட்டேன். "டீச்சர், உங்களுக்குப் பின்னால என்னைத்தான் விட்டிருக்கினம்."

அவர் நின்றார். "அதை ஏன் எனக்குச் சொல்லுறீங்கள்?"

"வேற ஆரிட்டச் சொல்லுறது?"

"சொல்லச் சொல்லியும் விட்டிருப்பினம்," என்றார்.

"இருக்கலாம். எனக்கே இப்ப என்னில நம்பிக்கை இல்லை."

அப்படித்தான் தாடி நரைக்கத் தொடங்கின நான் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் குட்டிக் கதிரை, பின்னேரம் கேம்ப். வாளித் தண்ணீரில் பிள்ளைகள் பொருட்களைப் போட்டுப் பார்த்த கிழமை, "கல் அடியில தாண்டது மாத்தயா, தேங்காய்ச் சிரட்டை மிதந்தது," என்று சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். சிரட்டை என்றால் யார் என்று கேட்டார். சிரட்டை என்றால் சிரட்டைதான் என்றேன். கல்? கல்லும் கல்தான். நம்பவில்லை. ஈரப் பஞ்சில் போட்ட பயறு முளைத்துவிட்டது என்று சொன்ன கிழமை, பள்ளிக்கூடத்துக்கே ஒரு ஆளை அனுப்பி முளையைப் பார்த்துவரச் சொன்னார்.

பிறகு முட்டை வந்தது. நல்ல தண்ணீரில் தாழ்கிற முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்று டீச்சர் செய்து காட்டினார். நான் அப்படியே போய்ச் சொன்னேன்.

"பொய்," என்றார் அதிகாரி. முட்டை முட்டைதான், தண்ணீர் மாறினால் முட்டை மாறுமா? குசினியில் இருந்து முட்டையும் உப்பும் ஒரு போத்தல் தண்ணீரும் வந்தன. கிளாசில் தண்ணீரை ஊற்றி உப்புப் போட்டுக் கலக்கி, அவரே முட்டையை விட்டார்.

முட்டை அடியில் போய் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மிதந்த முட்டை எப்படி இங்கே தாழ்ந்தது? இது எந்தப் பக்கத்து முட்டை? டீச்சர் இந்த நேரம் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்? அதிகாரி என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற துவக்குக்காரனும் பார்த்தான்.

"உப்புக் காணாது, மாத்தயா," என்றேன். "டீச்சர் கைநிறையப் போட்டவ."

ஒரு கரண்டி போட்டார். அசையவில்லை. இன்னொன்று. கிளாஸ் கலங்கியது. எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் வந்து போனார்கள். மூன்றாவது கரண்டிக்கு முட்டை ஒரு பக்கம் சரிந்து, மெல்லத் தலையைத் தூக்கி, மேலே வந்து நின்றது.

அதிகாரி விரலால் அதை அமத்தினார். திரும்ப வந்தது. இன்னொருதரம் அமத்தினார். துவக்குக்காரன் கிட்ட வந்து எட்டிப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரும் முட்டையோடு கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பாமலே, போதும், இனி வரத் தேவையில்லை என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "முடிஞ்சுது டீச்சர். இனி வரவேண்டாமாம். நீங்கள் நிம்மதியாப் படிப்பியுங்கோ."

சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. "ஆர் சொன்னது?"

"அவர்தான்."

"உங்களை நிப்பாட்டினா வேற ஆளை விடப்போகினம் எண்டுதானே அர்த்தம்? அது ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்ச ஆள் இருக்கிறது நல்லது. நீங்களே வந்துகொண்டிருங்கோ. வாற கிழமை தராசு செய்யிறம். வரேக்க சணல் கயிறு கொஞ்சம் கொண்டாங்கோ."

ஓம் என்றுவிட்டு வந்தேன். சைக்கிள் மிதிக்கிற வழியெல்லாம் ஒரே யோசனை. தராசுக்கு நூல் போதுமே, இந்த மனுசிக்குச் சணல் கயிறு எதற்கு?