நிலை ஒன்றரை அடி தள்ளி

கலையரசி படம் வரைகிறவள் என்று சொன்னால், மயிலா, முருகனா என்று கேட்கிற ஆட்கள் இன்றும் உண்டு. அவள் வரைவது வீட்டுப் படம். பாளையங்கோட்டையில் பெருமாள்ராஜ் அண்ணாச்சியின் கட்டுமான அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை. அலுவலகம் என்றால் ஓர் அறை, இரண்டு மேசை, கிரீச்சிடும் ஒரு மின்விசிறி. வருஷத்துக்கு ஏழெட்டு வீடு கட்டுவார்கள்.

ஒரு வீட்டுக்குப் பதினாறு தாளாவது வரும். வீட்டுக்காரர் ஜன்னலை நகர்த்தச் சொன்னால் ஒரு தாளில் பென்சிலால் திருத்துவார்கள். மீதிப் பதினைந்தும் பழைய ஜன்னலையே காட்டிக்கொண்டிருக்கும். அப்படித்தான் ஒருமுறை, குழாய் போகும் இடம் ஒரு தாளில் மட்டும் மாறி, வார்த்து முடித்த காங்கிரீட் பீமை உடைத்துக் குழாய் விட்டார்கள். பழி படம் வரைந்தவள் தலையில். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான், கம்ப்யூட்டரில் முழு வீட்டையும் முன்கூட்டியே கட்டிப் பார்க்கிற முறையைக் கற்க உட்கார்ந்தாள். அதில் ஒன்றை நகர்த்தினால் எல்லாப் படத்திலும் தானே நகரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ பார்த்துப் பார்த்து எட்டு மாதம் ஆனது. அவள் புருஷன் கறிக்குழம்பு வைக்கப் பழகியதும் அந்த எட்டு மாதத்தில்தான்.

“ஏரல் வீட்ட இதுல செஞ்சு பாரும்மா. தோதுப்பட்டா வச்சுக்கிடுவோம். இல்லேன்னா தாளே போதும், எனக்கு வம்பு வேண்டாம்” என்றார் பெருமாள்ராஜ்.

ஏரல் வீடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஜயலக்ஷ்மியுடையது. கட்டுகிறவர் பிச்சைக்கண்ணு கொத்தனார். கண்ணால் பார்த்தே அளவு சொல்லுகிற மனுஷன். பெரும்பாலும் சரியாகவும் சொல்லித் தொலைப்பார், அதுதான் சிக்கல்.

மாடிப்படிக்குக் காங்கிரீட் வார்க்கப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது கலையரசி லேப்டாப்போடு போய் இறங்கினாள். ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் நின்ற தன் வீட்டை ஆசையாகப் பார்த்தார்.

“வாசல் அங்க இல்லையே, கலையரசி.”

இல்லைதான். வாசலுக்கு நிலை வைக்கிற அன்று, எதிர்த் தெரு நேரே வாசலில் வந்து குத்துகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் வடக்கே ஒன்றரை அடி தள்ளி, அடியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் போட்டு, மாவிலை கட்டி நிலையை நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்துக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“பொட்டிக்குள்ள இருக்க வீடு வேற, இங்கன நிக்க வீடு வேறல்லா!” பிச்சைக்கண்ணு சிரிக்க, வேலையாட்களும் சேர்ந்து சிரித்தார்கள். சங்கதி பெருமாள்ராஜுக்கும் எட்டிவிட்டது.

“வியாழக்கிழம படிக்கு காங்கிரீட்டு. அதோட பொட்டிய மூடி வச்சிரு தாயி” என்றார் போனில்.

பஸ்ஸில் திரும்பும்போது கலையரசிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிடத் தன் மேல் கோபம். தாளைப் பார்த்துத் திரையில் கட்டினாளே தவிர, தரையில் நிற்பதை ஒருநாள் போய் அளந்தாளா? எட்டு மாதத்தை இப்படி விட்டுவிட அவளுக்கு மனசில்லை. மறுநாள் புதன்கிழமை, முதல் பஸ்ஸில் டேப்போடு ஏரலுக்குப் போனாள்.

சுவர் சுவராக அளந்தாள். “என்னம்மா, வீட்ட வெலைக்கு வாங்கப் போறியா?” என்று கொத்தனார் கேட்டபோதும் டேப்பை இழுத்துக்கொண்டே போனாள். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து ஒவ்வோர் அளவாகத் திருத்தினாள். நிலையை நகர்த்தி, அதில் கதவை மாட்டி, திரையிலேயே திறந்து பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேல் திறந்து கதவு நின்றுவிட்டது. படி திரும்புகிற இடத்துத் தட்டு குறுக்கே நின்றது.

உண்மை வீட்டில் கதவு வர இன்னும் நாலு மாதம் ஆகும். இப்போது இருப்பது வெறும் நிலை. உள்ளேயோ பலகையைத் தாங்கி நிற்கும் முட்டுக்கம்புக் காடு. குனிந்து குனிந்து போய்வந்த யார் கண்ணிலும் இது படவில்லை.

அவள் ஒரு ரீப்பர் மரக்கட்டையைக் கதவின் அகலத்துக்கு அறுத்து எடுத்துவந்தாள். “அண்ணே, இந்த முனைய நிலையோட சேத்துப் பிடிங்க. இதுதான் கதவு.”

விளையாட்டாகத்தான் பிடித்தார். அவள் மறுமுனையை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கட்டை படியின் பலகையில் ‘டக்’கென்று இடித்தது. பிச்சைக்கண்ணு அதைப் பிடுங்கித் தானே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். மறுபடியும் டக். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“நிலைய எடுக்கப்படாது. பூஜை பண்ணி வெச்சது” என்றார் ஆசிரியை, முகம் வெளுத்து.

“நிலையத் தொட வேண்டாம் டீச்சர். படியையும் ஒன்றரை அடி வடக்க தள்ளிருவோம். படிக்கு அங்கிட்டு உள்சுவர் இன்னும் எழும்பலல்லா? ரூம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். மேல எதுலயும் முட்டல, பாத்துட்டேன்.”

இரண்டு நாள் வேலை வீண். கொத்தனார் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வீம்பு பிடித்தவர்தான், ஆனால் தப்பென்று தெரிந்தபின் அதன் மேல் காங்கிரீட் கொட்டுகிறவர் இல்லை.

“ஏலே, பலகையப் பிரிங்கலே!”

காங்கிரீட் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போயிற்று. பலகையைத் தள்ளி அடித்த பிறகு பெருமாள்ராஜ் வந்து அந்தக் கட்டையைத் தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்; எதிலும் இடிக்கவில்லை. அதற்குப் பிறகு பெட்டியை மூடுகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துச் சாத்தான்குளத்தில் இன்னொரு வீட்டுக்கு நிலை வைத்தார்கள். காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் கலையரசியின் போன் அடித்தது. பின்னால் குலவைச் சத்தம்.

“எம்மா, பிச்சைக்கண்ணு பேசுதேன். நிலைய ஆறு இஞ்சு தெக்க தள்ளணும்னு சொல்லுதாவ. படி தட்டுமான்னு பாத்துச் சொல்லு. நல்ல நேரம் முடிய இருவது நிமிசம் இருக்கு.”

“நிலைய ஊணிட்டீயளா அண்ணே?”

“ஒன்னயக் கேக்காமயா? நாலு பேரு தூக்கிப் பிடிச்சிக்கிட்டுல்லா நிக்கோம்!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தா, பாக்குதேன்” என்று லேப்டாப்பைத் திறந்தாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நிலை அவள் சொல்லுக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை.