கட்டையில் கால் பட்டால்

போடிநாயக்கனூரில் சுந்தரம்மாள் டீச்சர் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது விசில். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் டிரில் டீச்சர். மற்ற பெண்கள் கழுத்தில் தாலி கிடக்கும் இடத்தில் அவளுக்குக் கறுப்புக் கயிற்றில் விசில் கிடந்தது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா என்று அவள் எதையும் மறுக்கவில்லை.

வருஷத்தில் இரண்டு மூன்று தடவை லீவு சொல்லிவிட்டு மதுரை ரயிலில் ஏறிவிடுவாள். அங்கிருந்து மெட்ராஸ், பெங்களூர், ஒரு தடவை கல்கத்தா வரைகூடப் போய்வந்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் மார்க் போட என்றாள். பரீட்சைப் பேப்பர் திருத்தப் போகிறாள் என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டது. டிரில் டீச்சர் எந்தப் பேப்பரைத் திருத்துவாள் என்று மீதிப் பாதி மண்டையைச் சொறிந்தது.

விஷயம் இதுதான். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் பீம் என்று ஒரு கட்டை உண்டு. நாலடி உயரத்தில், பதினாறடி நீளத்துக்குக் கிடக்கும். அகலம் நாலே அங்குலம். அதன்மேல் ஒரு பெண் ஏறி, நடந்து, துள்ளி, குட்டிக்கரணம் போட்டு, ஒன்றரை நிமிஷத்துக்குள் இறங்கிவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு நடுவர்களுக்கு மட்டும் அது அடிக்கக் கூடாது. முழங்கால் மடங்கினால் கொஞ்சம், தடுமாறினால் கொஞ்சம், கீழே விழுந்தால் அரை மார்க் என்று அவர்கள் பத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவார்கள். அப்படி உட்காரத் தேர்வெழுதித் தேறிய பெண்கள் எழுபதுகளில் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அதில் ஒரு விரல் சுந்தரம்மாள்.

ஏலக்காய் வியாபாரி யூனுஸ் ராவுத்தர்தான் ஒருநாள் கடைவாசலில் அவளை நிறுத்தி இதையெல்லாம் விவரமாகக் கேட்டுக்கொண்டவர். நாலு பேர் போடும் மார்க்கில் ஆக அதிகமானதும் ஆகக் குறைவானதும் கழிந்துபோகும், நடுவில் நிற்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள் என்று அவள் சொன்னதும் அவருக்குத் தாங்கவில்லை.

"என்ன டீச்சரம்மா அநியாயமா இருக்கு. எங்க ஏலத்துல கூடக் கேட்டவனுக்குத்தான் காய். உங்க ஏலத்துல கூடக் கேட்டவனத்தான் வெளிய தள்ளுவீங்களா?"

சுந்தரம்மாள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் போட்ட மார்க் தள்ளுபடியானது அபூர்வம். கூடவும் போகாது, குறையவும் போகாது. அந்தக் கர்வத்தை அவள் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. காட்டியிருந்தாலும் போடியில் யாருக்கும் புரிந்திருக்காது.

அவள் வளர்ந்தது அதே ராவுத்தரின் அப்பா காலத்துச் சரக்குக் கிட்டங்கியில். மலையிலிருந்து வரும் ஏலக்காயை முறத்தில் பரப்பி, பச்சை வேறு, வெளுத்தது வேறு, வெடித்தது வேறு என்று பெண்கள் பொறுக்கிப் பிரிப்பார்கள். சுந்தரம்மாளின் அம்மா அந்தச் சோலிக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டதும் மகளும் பக்கத்தில் போய் உட்காருவாள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காய் காலில் பட்டுவிட்டால் உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். முறத்தில் கால் இடித்தாலும் அப்படித்தான். சோறு போடுகிற பொருளை மிதித்துவிட்டுச் சும்மா போகிறவள் உருப்பட மாட்டாள் என்பது கிட்டங்கிப் பெண்களின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்தப் பழக்கம் அவளோடு மெட்ராஸில் உடற்பயிற்சிக் கல்லூரி வரைக்கும் போனது. முதல் வாரமே பீமில் கால் இடித்தது. கை தன்னால் கட்டையைத் தொட்டுக் கண்ணுக்குப் போனது. வகுப்பே சிரித்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. போட்டியில் இப்படிக் கும்பிட்டால் நடுவர்கள் உன்னைக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்தக் கையை அடக்கினாள். அதன்பிறகு கோயில் வாசற்படியில்கூட அது எழும்பவில்லை.

கருப்பம்மாளுக்கு அந்தச் சிரமம் வந்ததே இல்லை. சுந்தரம்மாளோடு அதே கிட்டங்கியில் உட்கார்ந்து பொறுக்கியவள், அங்கேயே தங்கிவிட்டாள். புருஷன் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காவல் வேலை பார்த்தான். ஊரே டீச்சர் என்று கூப்பிடும்போது பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான். அவள் மகள் பொன்னுமணியை, பதினோரு வயதில், மதுரையில் நடந்த விளையாட்டு விடுதித் தேர்வுக்கு சுந்தரம்மாள்தான் அனுப்பிவைத்தாள். ஐந்து பிள்ளைகளை அனுப்பினாள், ஒன்று தேறியது. பொன்னுமணி மெட்ராஸ் விடுதிக்குப் போனாள், அங்கே வேறு பயிற்சியாளரிடம் வளர்ந்தாள், லீவுக்கு மட்டும் வந்து போனாள்.

எண்பத்திமூன்றாம் வருஷம் அவளுக்குப் பதினேழு. இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் போட்டி மெட்ராஸில் நடந்தது. அதில் தேறினால் முகாம், பின்னால் ரயில்வேயில் வேலை. தேறாவிட்டால் விடுதியில் இடம் கிடையாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பீமில் மார்க் போட வந்த கடிதத்தைப் பார்த்ததும், எங்கள் ஊர்ப் பெண் ஆடுகிறாள், எனக்கு வேண்டாம் என்று சுந்தரம்மாள் எழுதிப்போட்டாள். நடுவர் ஒருவர் குறைந்தால் போட்டியே நடக்காது, வந்து சேருங்கள் என்று பதில் வந்தது.

விஷயம் எப்படியோ போடியில் பரவிவிட்டது. காய்கறிக் கடைக்காரன்கூட, நம்ம பிள்ளைக்கு ரெண்டு கூடப் போட்டுவிடுங்க என்றான். புறப்படும் நாள் கருப்பம்மாள் ரயிலடிக்கே வந்துவிட்டாள்.

"பாத்துப் போடு சுந்தரம்."

"பாத்துத்தான் போடுவேன்க்கா."

தராசு பிடிக்கிறவனிடம் நாமெல்லாரும் சொல்வதுதான் இந்தப் பாத்துப் போடு. அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். கருப்பம்மாள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஏறுவதற்கு முன்னால் கட்டையைத் தொட்டுக் கும்பிட்டு ஏறச் சொல்லு, அவள் மறந்துவிடுவாள் என்று மட்டும் சொன்னாள். போட்டி முடியும்வரை நடுவர் ஆடுகிறவளோடு பேசக் கூடாது என்பதை ரயில் புகைவிட்டுக்கொண்டு நிற்கும்போது விளக்க முடியாது. சுந்தரம்மாள் தலையை ஆட்டிவைத்தாள்.

பொன்னுமணி கும்பிடாமல்தான் ஏறினாள். தலைமை நடுவருக்கு வணக்கம் சொன்னாள், ஓடிவந்தாள், ஏறினாள். ஆறு வருஷ விடுதி அது. சுந்தரம்மாள் எந்தப் பெண்ணையும் பார்ப்பதுபோலவே அவளையும் பார்த்தாள். அல்லது அப்படிப் பார்க்கத் தன்னைக் கட்டிப்போட்டிருந்தாள். முன்கரணம் சுத்தமாக வந்தது. ஒற்றைக்காலில் சுழன்றது அதைவிடச் சுத்தம். அன்றைக்குக் கட்டையில் ஆடிய பெண்களில் இவளுக்கு மேலே ஒருத்தியும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அது சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு துள்ளலில் இறங்கும்போது கால்விரல் கட்டையின் விளிம்பில் இடித்தது. டக்கென்று சத்தம் கேட்டது. பெண் தடுமாறவே இல்லை. ஆனால் நின்றாள். குனிந்தாள். வலதுகை விரல்களால் கட்டையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆடி, அசையாமல் இறங்கினாள்.

சுந்தரம்மாள் சீட்டில் மார்க் எழுதி அனுப்பினாள்.

நாலு சீட்டும் போய்ச் சேர்ந்ததும் தலைமை நடுவர் நாலு பேரையும் கூப்பிட்டார். நடுவில் நின்ற இரண்டு மார்க்குக்கும் இடையே விதி பொறுக்கும் அளவைவிட இடைவெளி கூடியிருந்தது. அப்படி ஆனால் பேசித்தான் தீர்க்க வேண்டும். இருவர் அந்தக் குனிதலை நடனத்தின் பகுதி என்று எண்ணி எதுவும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். மூன்றாமவர், விழாமலிருக்கக் கை ஊன்றினாள் என்று அரை மார்க் வெட்டியிருந்தார். தலைமை நடுவர் ஒரு வங்காளத்து அம்மாள். அவருக்கே அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர், உங்கள் ஊர் ஆட்டத்தில் இப்படி ஓர் அசைவு உண்டா என்று சுந்தரம்மாளிடம் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொன்னுமணி முகாமுக்குப் போய்விடுவாள். எவரும் போடிக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை. இரண்டு பேர் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். கருப்பம்மாள் ரயிலடியில் நின்றது அவள் கண்ணில் வந்து போனது.

அது ஆட்டமில்லை என்று சுந்தரம்மாள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். கால் இடித்தது, இடித்ததைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் பழக்கம். பாரத்தைக் கையில் போடவில்லை, அதனால் அரை மார்க் வெட்டுவது தப்பு. ஆனால் ஆட்டம் அறுந்தது, அறுந்ததற்கு வெட்டியாக வேண்டும். நான் ஒரு மார்க்கில் பத்தில் மூன்று பங்கு வெட்டியிருக்கிறேன்.

மூவரும் தங்கள் சீட்டைத் திருத்தினார்கள். அவளுடையதை மட்டும் திருத்த வேண்டியிருக்கவில்லை. வழக்கம்போல நடுவில்தான் நின்றது.

மற்ற ஆட்டங்களின் மார்க்கையும் சேர்த்துக் கூட்டியபோது, தேறியவர்களில் கடைசி இடத்துக்கு வந்தவளைவிடப் பொன்னுமணி ஒரு நூலிழை பின்தங்கினாள். போட்டி முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நின்றவளிடம் சுந்தரம்மாள் போனாள். பெண் அழுது முடித்திருந்தாள்.

"தொட்டதுக்கா டீச்சர் வெட்டுனாங்க?"

"ஆமாத்தா. நானும்தான் வெட்டுனேன்."

பெண் தலையை ஆட்டினாள். கோபமாக ஏதாவது சொல்லுவாள் என்று சுந்தரம்மாள் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கை தானாப் போயிருச்சு டீச்சர்" என்றாள் பொன்னுமணி. "அம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க. அவுகதான பழக்குனாக."

ஊருக்கு வந்த மறுநாள் சுந்தரம்மாளே கிட்டங்கிக்குப் போனாள். ராவுத்தர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கருப்பம்மாள் முறத்தை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. பிள்ளை எங்கே தப்பு விட்டாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மார்க்கில் பத்தில் ஒரு பங்குகூடப் பொய் எழுதாதவள், அப்போது சொன்னாள். இறங்கும்போது கால் ஒரு எட்டு கூடப் போய்விட்டது, அதற்கு வெட்டிவிட்டார்கள் என்றாள். சொல்லும்போது முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்பம்மாள் அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒரு எட்டுக்கா ஆறு வருஷம் போச்சு என்று அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"கட்டையத் தொட்டுக் கும்பிட மறந்துட்டாளோ? அதான் இப்படி ஆச்சோ?"

பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களும் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"இல்லக்கா" என்றாள் சுந்தரம்மாள். "கும்பிட்டா. நான் பாத்தேன்."

கருப்பம்மாளின் முகம் தெளிந்தது. முறத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கும்பிட்டாளா? அப்ப எம்புள்ள மேல குத்தமில்ல."