மயில் நடனப் படம் திறக்கும்வரை

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய தங்கை மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். தங்கையின் மகளை இந்த அக்காதான் வளர்த்தார். அம்மா விமானம் ஏறியபோது பிள்ளைக்கு இரண்டு வயது. இப்போது மொண்டிசோரிப் பாலர் பள்ளியில் கடைசி வருடம்.

தங்கையிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். அதையும் அந்த வீட்டுக்காரர்கள் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஊரோடு கதைக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். படம் பார்ப்பதென்றால் சமையல் குறிப்புகளுக்காகக் குசினியில் விட்டிருந்த ஒரு கிழட்டு டேப்லெட்தான் வழி. அதில் புதிதாக எதையும் போடக்கூடாது. இணையப் பக்கம் மட்டும் திறக்கலாம்.

மொண்டிசோரியின் இணையத்தளத்தைச் செய்து கொடுத்தவள் நான். பிள்ளை மயில் ஆடிய ஆண்டுவிழாக் கொன்சட் படங்களைப் பெரிய டீச்சரே ஏற்றியிருந்தார், படம் எடுத்தவர் கொடுத்தது கொடுத்தபடி. ஒவ்வொன்றையும் அச்சடித்தால் ஒரு சுவரை மறைக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை நான் கீழ்வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தங்கையின் அழைப்பு வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். தங்கை அங்கே டேப்லெட்டில் கொன்சட் பக்கத்தைத் திறந்துகொண்டே கதைத்தார்.

"அக்கா, கோட் போட்ட ஒரு ஐயா விளக்குக் கொளுத்துறார்."

"கீழ போ. பிள்ளைட டான்ஸ் கீழ இருக்கு."

"போறன். வெள்ளையா இருக்கு... இப்ப ஒரு மெடம் கொளுத்துறா."

பிள்ளை அக்காவின் கையைப் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது விருந்தினர் பாதி முகத்தோடு வந்தபோது அங்கே யாரோ அதட்டினார்கள். அழைப்பு நின்றது. பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றே வேலையைத் தொடங்கினேன். படங்களை டேப்லெட்டின் அகலத்துக்குச் சுருக்கினேன். புதிய கோப்பு வடிவமொன்றுக்கு மாற்றினால் இன்னும் மெலியும் என்று மாற்றியும் பார்த்தேன். அக்காவின் பழைய போனில் திறந்தால் வெறும் கட்டங்கள்தான் வந்தன. கிழட்டுக் கருவிகளுக்குப் புதிய வடிவம் புரியாது. பேசாமல் பழையதற்கே திரும்பினேன். மயில் நடனத்துக்கு ஒரேயொரு படம் இருந்தது. ஐந்து பிள்ளைகள் வரிசையாக. தனித்தனியாக எடுத்த படங்கள் விருந்தினர்களுக்குத்தான். அந்த ஒன்றில் மட்டும் முகங்கள் மங்காதபடி, சுருக்குவதும் பார்ப்பதுமாகக் கண் எரியும்வரை இருந்தேன்.

சுருக்கினால் மட்டும் போதாது. பக்கத்தின் தலையில் விளக்கேற்றல் இருக்கும்வரை அங்கே முதலில் போவது கோட்டும் சேலையும்தான். வரிசையை மாற்றலாமா என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன்.

"அதெப்பிடிப் பிள்ளை? கூப்பிட்டு வந்தவங்களக் கீழ போட்டா மரியாதையில்ல. எங்கயும் விளக்கேத்தித்தானே நிகழ்ச்சி தொடங்கும்?"

"நிகழ்ச்சி முடிஞ்சிட்டு மெடம். இப்ப ஒரு தாய் பாக்க வேணும்."

"மற்றப் பேரண்ட்ஸ் பாத்துட்டாங்கதானே."

எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, அக்காவின் போனில் அதே பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். தளத்தில் இருந்தவை இன்னும் பழைய பெரிய படங்கள். அவர் மாலை வாங்கும் படம் விளக்கேற்றலுக்கு அடுத்தது. பார்த்தார், தட்டினார், போனைத் தூக்கி யன்னல் பக்கம் பிடித்தார். கடைசிவரை அவருடைய படம் வரவேயில்லை. "சரி, உமக்கு விருப்பமான மாதிரிச் செய்யும்" என்று போனைத் திருப்பித் தந்தார். சுருக்கிய படங்களை ஏற்றி, விருந்தினர்களைக் கீழே இறக்கினேன். பக்கத்தைக் கீழே உருட்டிக்கொண்டு போனால்தான் அவர்களுடைய படங்கள் தரவிறங்கும்படி வைத்தேன். மயில்கள் முதலில் நின்றன.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா பிள்ளைக்குத் தலை சீவிப் பொட்டு வைத்திருந்தார், அங்கிருந்து தெரியும் என்பதைப்போல. அழைப்பு வழக்கத்தைவிடப் பிந்தியது. போன் அடித்ததும் அக்கா, "முதல்ல அதைத் திற, பிறகு கதைப்பம்" என்றார்.

"திறந்துட்டன். சுத்துது."

நான் நகத்தைக் கடித்தேன்.

"வந்துட்டு! அக்கா, முழுசா வந்துட்டு!"

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அக்கா, "ஹலோ, ஹலோ" என்றார்.

"இருக்கிறன் அக்கா. எல்லாம் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி மேக்கப்... இதில எது என்ட பிள்ளை?"

நான்தான் சுருக்கிக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, பதறி என் போனில் படத்தைத் திறந்தேன். உடுப்பின் கழுத்தில் குத்தியிருந்த ஊசிகூடத் தெரிந்தது. ஐந்து முகமும் துல்லியமாக இருந்தன. அதற்குள் பிள்ளை போனுக்குக் கிட்டப் போய், "அம்மா, நான் ரெண்டாவது" என்றது.

"ஓம் ஓம் செல்லம். அம்மாக்குத் தெரியாதா? சும்மா கேட்டனான். வடிவா இருக்கிறீங்க."

எந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது என்று அவர் கேட்கவில்லை.