தங்கச்சி கண்ணில் ஓடிய நீலம்

எனக்குத் தங்கச்சியின் மேல் பொறாமை. பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை, வயிறு எரிந்தது. நான் மூன்றாவது படித்த காலத்தில், இன்னும் பள்ளிக்கூடம் போகாத அவளுக்கு அடிக்கடி எலும்பு முறியும். கட்டிலிலிருந்து இறங்கினால் முறியும், அண்டாவில் இடித்துக்கொண்டால் முறியும். உடனே மாவுக்கட்டு, ஆப்பிள், ஆட்டுக்கால் சூப், அம்மாவின் மடி. நான் தெருவில் குப்புற விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள் என்று உள்ளேயிருந்தே குரல் மட்டும் வரும்.

போதாக்குறைக்கு அவள் கண்கள். விழியின் வெள்ளையில் லேசாக நீலம் ஓடியிருக்கும். அப்பா தறியில் நெய்த பட்டுப் புடவை எடுக்க வீட்டுக்கு வருகிற அம்மாள்கள் முதலில் அவள் முகவாயைத் தொட்டு, "இன்னா கண்ணும்மா இது, அம்மன் கண்ணு மாதிரி இருக்குது" என்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, பெரியவள் அப்பா ஜாடை என்பார்கள். அப்பாவுக்குச் சப்பை மூக்கு.

அவள் எலும்புக்கு என்ன கோளாறு என்று அம்மா கேட்காத ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா திருஷ்டி என்றாள். மாகறல் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் உடம்புச் சூடு என்று சொல்லி, எண்ணெய் ஊற்றிக் காலை இழுத்துக் கட்டினார். அவள் கத்திய கத்தலுக்கு ஒரு பலூன் கிடைத்தது. கூடப் போன எனக்கு இல்லை. சித்தப்பா ஏனாத்தூர் காலேஜ் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு கத்தைத் தாளோடு வந்தார். ஒரு தாள் நிறையப் பால் கொடு என்றது. இன்னொன்று பாலைத் தொடாதே என்றது. வேறொன்றின் அடியில் மாத்திரை டப்பாவின் படமும் விலையும் இருந்தன.

"இதெல்லாம் எழுதினது யாருப்பா? இந்த மாதிரி ஒரு கொழந்தயப் பாத்தவங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"கம்ப்யூட்டர்லயே போட்டிருக்குது அண்ணி" என்றார் சித்தப்பா, அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல.

அம்மா தாள்களை மடித்து அலமாரியின் மேல் போட்டாள். சாயம் போட்டு வந்த பட்டு நூலைக்கூட அவள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஒத்துக்கொள்கிறவள் இல்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்த்த பிறகுதான் அப்பா அதைத் தறியில் ஏற்றலாம். அந்தப் பிடிவாதத்தில்தான், குழந்தைகளின் எலும்பை மட்டும் பார்க்கும் டாக்டர் மெட்ராஸில் இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். தங்கச்சிக்கு ரயில் பயணம். எனக்குப் பக்கத்து வீட்டு உப்புமா.

டாக்டர் என்ன சொன்னார் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறவியிலேயே எலும்பு நொய்ந்து போயிருக்கிறது, யார் கண்ணும் காரணமில்லை, எண்ணெய் போட்டு இழுக்கவே கூடாது. கண்ணின் வெள்ளையில் ஓடும் நீலம் இந்த நோயின் ஓர் அடையாளம். கூடப் பிறந்தவளுக்கும் இருக்கலாம். கண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, அவளையும் அழைத்து வாருங்கள்.

என்னை மெட்ராஸுக்கு அழைத்துப் போகும்வரை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை வெயில் வந்ததும் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, "மேல பாரு. இந்தப் பக்கம் பாரு" என்றாள். அதோடு விடாமல் தறியிலிருந்த அப்பாவையும் கூப்பிட்டாள். அவர் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"வெள்ளையாத்தான் இருக்குது."

"நல்லாப் பாருங்க."

"சுத்த வெள்ளை. நீலமே இல்ல."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த மடி. ஆனால் எனக்கு மானம் போயிற்று. பெரியவளுக்கு அந்த அழகு வாய்க்கவில்லையே என்று இத்தனை அழுகையா? அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"அழாதம்மா. வளந்தா எனக்கும் நீலமாயிடும்" என்றேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அப்பா தறிக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்த ஆசைகூட எனக்கு இருக்கக் கூடாதாம், எல்லாம் அவளுக்கேதான் என்று நினைத்து, அம்மாவின் கைக்குள்ளேயே நானும் அழத் தொடங்கினேன்.