அணைத்துவிட்ட சூளை

விருத்தாசலத்தில் எங்களுக்குச் சின்னதாய் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. கணவர் குவைத்தில் இருப்பதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் கேஸ் சூளை எரிந்துகொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பெண் வந்து நின்றாள். வரி போட வந்தவள் என்று பதறி, தொழில் நடப்பதே தெரியக் கூடாதென்று கேஸை அணைத்துவிட்டேன். உள்ளே சூளை நிறையப் பொம்மைகள், பாதி வேக்காட்டில்!

"பட்டறை ஓடலீங்க," என்றேன்.

அவள் முகமெல்லாம் வேர்வை. "நான் வரிக்கு வரலக்கா. புள்ளிவிவரக் கணக்கெடுப்பு. தொழில் எப்டி நடக்குது, கம்ப்யூட்டரு, நெட்டுலாம் வச்சிருக்கீங்களானு கேக்கணும், அவ்ளோதான். சேத்தியாத்தோப்புலேர்ந்து வரேன். காலைலேர்ந்து என்னப் பாத்ததும் எல்லாரும் ஷட்டர எறக்கிடுறாங்க."

அட்டையை வாங்கிப் பார்த்ததும் ஓடிப்போய் மறுபடி பற்ற வைத்தேன். நல்லவேளை, சூடு அதிகம் இறங்கவில்லை, பொம்மைகள் தப்பின. அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது வரை ஒளிக்காமல் சொன்னேன்.

கடைசியில், "உற்பத்தி எப்பவாச்சும் நின்னுச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இப்பதாம்மா நின்னுச்சு, உன்னப் பாத்து!"

இருவரும் சிரித்துவிட்டோம்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் அட்டையைப் படிக்கிறேன். அப்புறம் தண்ணீர். சூளை அதுபாட்டுக்கு எரிகிறது.